உங்கள் சுபாவமும் உடலுழைப்பும்



"தினமும் அரை மணி நேரம் நடங்க." இரத்தக் கொதிப்புக்கோ சர்க்கரை வியாதிக்கோ மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு டாக்டர் தவறாமல் சொல்லும் வார்த்தை இது. நாமும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். முதல் வாரம் விடியற்காலையில் எழுந்து நடக்கிறோம். இரண்டாவது வாரம் மழை. மூன்றாவது வாரம் வீட்டில் விசேஷம். நாலாவது வாரம் யாராவது கேட்டால், "என்னமோ விட்டுப் போச்சுங்க, நமக்கெல்லாம் அது ஒத்து வராது" என்று சொல்லிவிடுகிறோம்.

அதே தெருவில் இன்னொருவர் பத்து வருஷமாக நாள் தவறாமல் நடக்கிறார். அவரைப் பார்த்து, "அவருக்கு அது பிறவிக் குணம்" என்று பெருமூச்சு விடுகிறோம்.

பிறவிக் குணம் என்பது எந்த அளவுக்கு உண்மை? சுபாவம் ஒருவரை ஓட வைக்குமா, உட்கார வைக்குமா? குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை அது மாறாமல் இருக்குமா? இவற்றைத் தெரிந்துகொண்டால், நாலு வாரத்தில் விட்டுப்போகாத உடலுழைப்பு எது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

எவ்வளவு உடலுழைப்பு தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகள் இவை:

1. 5 முதல் 17 வயது வரை: சராசரியாகத் தினம் 60 நிமிடம் ஓடியாடி விளையாட வேண்டும்.

2. 18 வயதுக்கு மேல்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. கடுமையான உழைப்பானால் 75 முதல் 150 நிமிடம் போதும். இத்துடன் வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும்.

3. 65 வயதுக்கு மேல்: மேற்சொன்னவற்றோடு, தடுமாறாமல் நிற்கவும் நடக்கவும் உதவும் பயிற்சி வாரத்தில் 3 நாள்.

4. கர்ப்பிணிகள்: மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு.

மிதமான உழைப்பு என்றால் எப்படித் தெரியும்? வேகமாக நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண்களில் 100-க்கு 57 பேர், ஆண்களில் 100-க்கு 42 பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் விஷயத்தின் அவசரம் விளங்கும். ஒரு குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால், அந்தக் குடும்பமே படுத்துவிடுகிறது.

ஐந்து வகைச் சுபாவங்கள்

மனிதர்களின் சுபாவத்தை அளந்து பார்க்கும் மனவியல் அறிஞர்கள் அதை ஐந்து கோணங்களில் பார்க்கிறார்கள். பேர் வைத்து எல்லோரையும் ஐந்து கூட்டமாகப் பிரிப்பதல்ல இது. இந்த ஐந்தும் எல்லோரிடமும் உண்டு. அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

கலகலப்பு: நாலு பேரோடு சேர்ந்திருப்பதில் உற்சாகம் அடைவது.

பொறுப்பு: திட்டம் போட்டு, ஒழுங்காக, எடுத்த காரியத்தை முடிப்பது.

கவலை: சின்ன விஷயத்துக்கும் மனம் பதறுவது, சீக்கிரம் சோர்ந்துபோவது.

புதுமை நாட்டம்: தெரியாததைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது.

இணக்கம்: மற்றவர் மனம் கோணாமல் விட்டுக்கொடுத்துப் போவது.

கனடா நாட்டு ஆய்வாளர் ரையன் ரோட்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். கலகலப்பும் பொறுப்பும் மிகுந்தவர்கள் சற்று அதிகமாக உடலுழைப்பில் ஈடுபடுகிறார்கள். கவலை மிகுந்தவர்கள் சற்றுக் குறைவாக ஈடுபடுகிறார்கள் என்று அதில் தெரியவந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் புதுமை நாட்டத்துக்கும் சிறிதளவு பங்கு இருப்பது தெரிந்தது.

இங்கே "சற்று" என்ற சொல்லைக் கவனியுங்கள். சுபாவத்துக்கும் உழைப்புக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது சிறிய தொடர்புதான். கலகலப்பான சோம்பேறியும் உண்டு. கவலைப்பட்டுக்கொண்டே தினமும் நடக்கிறவரும் உண்டு. ஆகவே "என் சுபாவம் அப்படி" என்று கையை விரிப்பதற்கு இடமே இல்லை.

கண்டக்டரும் டிரைவரும்

இதை விளக்க ஓர் உண்மைச் செய்தி. லண்டன் நகரத்தில் மாடி பஸ்கள் ஓடின. டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போடுவதற்காக மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இவர்களுடைய உடல்நலத்தை ஆராய்ந்து 1953-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, டிரைவர்களுக்கு அதிகம். உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு உலகம் கண்ட முதல் பெரிய சான்றுகளில் இது ஒன்று.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. "டிரைவர் வேலைக்கு வருகிறவர்களே முதலிலிருந்து வேறு மாதிரி ஆட்களோ?" என்று ஒரு சந்தேகம் வந்தது. கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடையின் அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இளம் வயது டிரைவர்களுக்கே கால்சட்டையின் இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. 1956-இல் இதையும் வெளியிட்டார்கள்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? மனிதர் தனக்கு ஒத்த வேலையைத் தேடிப் போகிறார். பிறகு அந்த வேலை அவரைத் தன் போக்கில் உருவாக்குகிறது. இரண்டுமே நடக்கிறது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பது அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. மோரிஸ் 2009-இல் தம்முடைய 99-ஆவது வயதில் காலமானார்.

சுபாவமா, சந்தர்ப்பமா?

பெண்களில் 57 பேர், ஆண்களில் 42 பேர் என்று பார்த்தோம். அப்படியானால் பெண்கள் சோம்பலான சுபாவம் உள்ளவர்களா? இல்லவே இல்லை.

காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய், இரவு பத்து மணிக்குப் படுக்கிற ஒரு தாயைப் பார்த்து, "உனக்கு நடக்கணும்னு அக்கறை இல்லை" என்று சொல்வது நியாயமா? அவளுக்கு நேரம் இல்லை. விளக்கு எரியாத தெருவில் தனியே நடக்கத் தைரியம் இல்லை. "இந்த வயசுல இவளுக்கு என்ன வாக்கிங்?" என்கிற பேச்சு வேறு.

"அப்படின்னா வீட்டு வேலையே போதுமே?" என்று கேட்பீர்கள். எந்த அசைவும் உட்கார்ந்திருப்பதைவிட நல்லதுதான். ஆனால் கிணற்றில் நீர் இறைத்ததும், ஆட்டுக்கல்லில் ஆட்டியதும் வேறு. குழாயைத் திறப்பதும், மிக்ஸியைத் தட்டுவதும் வேறு. நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்தால் கால் வலிக்கும். ஆனால் மூச்சு வேகமாகாது. மூச்சு வேகமாகும் வேலைதான் அந்த 150 நிமிடக் கணக்கில் சேரும்.

ஆகவே வீட்டிலுள்ள ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவியோ தாயோ நடப்பதில்லை என்று குறை சொல்லுமுன், அந்த அரை மணி நேரம் அடுப்பையும் குழந்தையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் நடக்காவிட்டால் சுபாவத்தைப் பற்றிப் பேசலாம்.

வயதுக்கு வயது மாறும் கதை

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது பழமொழி. பழக்கம் சிறு வயதிலேயே தொடங்குகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சுபாவம் கல்லில் செதுக்கியது அல்ல. வயது ஏற ஏற அது மெதுவாக மாறிக்கொண்டே வருகிறது.

குழந்தைப் பருவம்: ஒரு பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கும், அதை "வாலு" என்கிறோம். இன்னொன்று மூலையில் உட்கார்ந்திருக்கும். அதைச் "சாது" என்று மெச்சுகிறோம். இரண்டு குழந்தைக்கும் 60 நிமிட விளையாட்டு வேண்டும். துள்ளுகிற பிள்ளையை "சும்மா உட்கார்" என்று அதட்டாதீர்கள். கூச்சமுள்ள பிள்ளையைக் கபடிக் கோஷ்டியில் தள்ளாதீர்கள். கோஷ்டி பிரிக்கும்போது கடைசி ஆளாக நிற்கும் அவமானம் அந்தப் பிள்ளைக்கு விளையாட்டையே கசக்க வைத்துவிடும். அதற்கு சைக்கிள், கயிறு தாண்டுதல், நீச்சல், சிலம்பம் போன்றவை பொருந்தும். இவற்றில் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

வளரும் பருவம்: பொறுப்பு சற்றுக் குறைந்து, மனம் அலைபாயும் காலம் இது. 2016-ஆம் ஆண்டு உலகக் கணக்குப்படி 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100-க்கு 81 பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. நம் வீடுகளில் பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் விளையாட்டு நின்றுபோகிறது. நேற்றுவரை பாண்டி ஆடியவளை இன்று "அடக்கமா இரு" என்கிறோம். பத்து வருஷம் கழித்து, "இவளுக்கு உடம்பு வணங்காது" என்றும் நாமே சொல்கிறோம். அது அவளுடைய சுபாவமா? நாம் கொடுத்ததா? மாதவிலக்கு விளையாட்டுக்குத் தடை அல்ல. வலி இருந்தால் ஓய்வு எடுக்கட்டும், இல்லாவிட்டால் ஓடட்டும்.

20 முதல் 40 வயது வரை: அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரென்ட் ராபர்ட்ஸும் குழுவினரும் 2006-இல் தொகுத்த ஆய்வுகளில் ஒரு நல்ல செய்தி தெரிந்தது. இந்த வயதுகளில் பெரும்பாலோருக்குப் பொறுப்பு கூடுகிறது. கவலைப்படும் சுபாவம் குறைகிறது. அதாவது இருபது வயதில் ஒழுங்கில்லாமல் திரிந்தவர் முப்பத்தைந்தில் ஒழுங்குக்கு வரலாம். "காலேஜ்ல இருந்தப்பவே என்னால முடியல, இப்பவா முடியும்?" என்று நினைக்காதீர்கள். இப்போதுதான் முடியும்.

40 முதல் 60 வயது வரை: சுகரும் பிரஷரும் வெளியே தெரியவரும் வயது. நம் களப்பணியில் அடிக்கடி காண்பது என்னவென்றால், மிகவும் பொறுப்பான தாய்மார்கள்தான் தங்கள் உடம்பைக் கடைசியில் வைக்கிறார்கள். பொறுப்பெல்லாம் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் போய்விடுகிறது. அவர்களுக்கு நாங்கள் சொல்வது இது: நடப்பதை உங்களுக்கான சுகமாக நினைக்க வேண்டாம், குடும்பத்துக்குச் செய்யும் ஒரு வேலையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

60 வயதுக்கு மேல்: நண்பர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். கலகலப்பும் புதுமை நாட்டமும் சற்று அடங்குகின்றன. ஒருமுறை தடுக்கி விழுந்தவர் மறுபடி விழுவோமோ என்ற பயத்தில் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இறங்காததால் கால் வலு குறைகிறது. வலு குறைவதால் மறுபடி விழுகிறார். இந்த வட்டத்தை உடைக்கவேண்டும். சுவரையோ கனமான நாற்காலியையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது, நாற்காலியிலிருந்து உட்கார்ந்து எழுவது, இவை போதும் தொடங்க. பக்கத்தில் ஒருவர் துணை இருக்கட்டும்.

நடு வயதினரையும் முதியவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வுகள் 2014-இல் வெளிவந்தன. உடலுழைப்பு உள்ளவர்களிடம் கலகலப்பும் பொறுப்பும் புதுமை நாட்டமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேய்ந்தன. ஆக, சுபாவம் நம்மை நடக்க வைப்பது ஒரு பக்கம். நடை நம் சுபாவத்தைக் காப்பது இன்னொரு பக்கம்.

உங்களுக்கு எது பொருந்தும்?

கலகலப்பானவரா? தனியே நடக்காதீர்கள், அலுத்துப்போகும். நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலாட்டம், கும்மி, பந்து விளையாட்டு எல்லாம் நல்லது. ஆனால் டீக்கடை பெஞ்சில் பேச்சு முடிந்து, நடை அங்கேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

கூச்சமுள்ளவரா? கூட்டத்துக்குப் போகாததால் நீங்கள் சோம்பேறி ஆகிவிட மாட்டீர்கள். விடியற்காலை நடை, மொட்டை மாடி, தோட்ட வேலை, சைக்கிள் இவை உங்களுக்கு.

பொறுப்பானவரா? நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போடுங்கள். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. "பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் நடந்ததே வீண்" என்று நினைத்து, ஒரு நாள் தவறியதும் மொத்தத்தையும் விட்டுவிடுவார்கள் உங்களைப் போன்றவர்கள். பத்தாயிரம் என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்த கணக்கு. 2022-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தினம் 6,000 முதல் 8,000 அடிகளிலேயே பெரும் பலன் கிடைத்துவிடுகிறது. அதற்குக் குறைந்தாலும் பலன் உண்டு.

மறதியும் ஒழுங்கின்மையும் உள்ளவரா? மனவுறுதியை நம்பாதீர்கள், ஏற்பாட்டை நம்புங்கள். செருப்பை வாசலில் எடுத்து வையுங்கள். "நாளைக்கு நடக்கணும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "காலையில் காபி குடித்ததும் கோயில் வரை" என்று நேரமும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்குங்கள்.

கவலைப்படுகிறவரா? வேகமாக நடந்ததும் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். "ஐயோ, இதயத்துக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று பயந்து நிறுத்திவிடுவீர்கள். நடக்கும்போது இதயம் வேகமாக அடிப்பது இயற்கை. ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். முதலில் சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொண்டு, பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். தொடர்ந்து நடப்பவர்களுக்கு மனப் பதற்றமும் சோர்வும் குறைகின்றன என்பது நன்கு நிரூபணமான உண்மை. உங்களுக்குத்தான் நடையினால் லாபம் அதிகம்.

புதுமை விரும்பியா? ஒரே பாதையில் போகாதீர்கள். வாரம் ஒரு தெரு, மாதம் ஒரு விளையாட்டு. 2023 நவம்பரில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் 8 கிலோமீட்டர் தூரப் பாதைகளைக் குறித்து "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பாதை எது என்று விசாரித்துப் பாருங்கள்.

விட்டுக்கொடுக்கிறவரா? இந்தச் சுபாவத்துக்கும் உடலுழைப்புக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஆனால் உங்கள் நடை நேரத்தையும் பிறருக்காக விட்டுக்கொடுத்து விடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

1. நடக்கும்போது நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், மயக்கம், குளிர்ந்த வியர்வை ஏற்பட்டால் உடனே நின்றுவிடுங்கள். ஓய்வெடுத்தும் தணியாவிட்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

2. சர்க்கரை வியாதிக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையிலோ முந்தானையிலோ இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம், வியர்வை, கண் இருட்டு வந்தால் உடனே சாப்பிடுங்கள். வெறுங்காலோடு நடக்கக்கூடாது. தினமும் பாதத்தைப் பாருங்கள்.

3. கோடையில் வெயில் ஏறுமுன்போ, சாய்ந்த பிறகோ நடங்கள்.

4. நடக்கிறோம் என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யவேண்டியது

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். ஒரு தாளில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எதிரே மூன்று விஷயம் குறியுங்கள்: அவருடைய சுபாவம் என்ன, அவருக்குப் பிடித்த அசைவு எது, அதற்கு எந்த நேரம். பாட்டியையும் மருமகளையும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் நடக்கும் நேரத்தில் அவருடைய வேலையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, எது ஒத்து வரவில்லையோ அதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நிறுத்த வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.

உங்கள் சுபாவம் எதுவானாலும் சரி, அதற்கென்று ஒரு நடை உண்டு. அதைக் கண்டுபிடியுங்கள், குடும்பத்தோடு நலமாக வாழுங்கள்!